முத்துக்கடை இறங்கறவங்க

வாலாஜா டோல்கேட் தாண்டியதும்
பஸ்ஸில் ஒவ்வொருவராய் விழித்துக்கொள்கிறார்கள்.
துப்பட்டா, கைக்குட்டை, முழங்கையின் உள்மடிப்பு,
மூக்குக்கு எது கிடைக்கிறதோ அது.
"ஏதாச்சும் செத்துக் கெடக்குதா சார்?"
கண்டக்டர் திரும்பவில்லை.
"முத்துக்கடை இறங்கறவங்க முன்னால வாங்க."
நான் எழுந்து மேலிருந்து பையை எடுக்கிறேன்.
எனக்கும் வரத்தான் செய்கிறது அந்த வாடை.
இறங்கிப் பழக்கடை வரை நடப்பதற்குள்
போய்விடும்.
போவது வாடையா என் மூக்கா என்று
இருபது வருஷமாய் யோசிக்கிறேன்.

என் வேலை இந்த ஊரை அளப்பது.
காலை ஆறு மணிக்குக் கழிவுநீர் நிலையத்தில்
ஐந்து பாட்டில் முக்கி எடுப்பேன்.
உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு,
மூச்சுக்கு எவ்வளவு ஏங்குகிறது தண்ணீர்.
எண்ணை எழுதிக் கீழே கையெழுத்து.
ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்குமே
அந்த அட்டை மாதிரி ஒரு ரிஜிஸ்டர்.

முனிரத்தினத்துக்கு நகமெல்லாம் நீலம்.
பதினெட்டு வருஷம் டிரம்மிலிருந்து தோல் அள்ளிய கை.
மொய் எழுதும் இடத்தில் மட்டும்
விரல்களை மடக்கிக்கொள்வார்.
தஸ்தகீர் பாய் வீட்டுக் கிணறு மஞ்சளாய் ஊறுகிறது.
இரும்பு மூடி போட்டு
மேலே மருதாணித் தொட்டி வைத்திருக்கிறார்.
கேன் தண்ணீரில் வளர்கிறது மருதாணி.
தொட்டி கழுவ இறங்கிய எபினேசர் ஏறவில்லை.
அவன் மகனுக்கு அதே கம்பெனியில் வேலை போட்டார்கள்.
நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.
நானும்தான் சொன்னேன்.

ஓசூரிலிருந்து நாத்தனார் வீட்டுக்காரர் வந்திருந்தார்.
"மாத்தல் கேக்கக் கூடாதா? எப்படித்தான் இருக்கீங்களோ."
வாசலில் அவர் கழற்றி வைத்த ஷூவைப் பார்த்தேன்.
எங்கள் பக்கத்துத் தோல். தொட்டால் தெரியும்.
ஒன்றும் சொல்லாமல்
வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

ஒரு கார்த்திகையில் ஆறு வந்தது.
பாலாறு என்று நாங்கள் சொல்வது மணலைத்தான்,
அதனால் முதலில் யாரும் நம்பவில்லை.
அப்புறம் பாலம் கொள்ளாத கூட்டம்.
ஷிப்ட் முடிந்தவர்கள், முடியாதவர்கள்,
கோட்டுக்கூடக் கழற்றாமல் ஷூ கம்பெனிப் பெண்கள்,
ஒரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி
முனிரத்தினமும் அவர் முதலாளியும்.
விசில் ஊதி ஊதிச் சலித்த போலீஸ்காரர்
தானும் எட்டிப் பார்த்தார்.
நான் கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கினேன்.
எந்த ஃபைலும் கேட்காத தண்ணீர் அது.

இரவு லேபில் தனியாக உட்கார்ந்து சோதித்தேன்,
பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டைத் திறக்கிற தாய் மாதிரி
பாதிக் கண்ணை மூடிக்கொண்டு.
நல்ல எண்.
கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தேன்.
அதே எண்.
யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல்
முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நாலாம் நாள் கால்வாய் வாயில் நுரை.
வெள்ளத்தை நம்பி யாரோ திறந்துவிட்டிருந்தார்கள்.
அதையும் அளந்தேன்.
"இத எழுதணுமாம்மா?" என்றார் மேலாளர்.
"இருக்கட்டும் சார்."
பேனா அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே பதிந்தது.
அடுத்த பக்கத்திலும் தடம் தெரிந்தது.

இன்று ஞாயிறு.
டிரம்கள் எல்லாம் நின்றுவிட்டன.
மின்விசிறிச் சத்தம் தனியாகக் கேட்கிறது,
தெருநாய் கொட்டாவி விடுவதுகூடக் கேட்கிறது.
இந்த அமைதிக்குத்தான் மனுப் போட்டார்கள் பக்கத்துத் தெருவில்;
நானும் கையெழுத்துப் போட்டேன், ஏழாவது பெயர்.
மணி ஒன்றரை.
புரண்டு படுக்கிறேன்.
திங்கள் விடியும் முன்னால் ஒருமுறை
சுவர் லேசாய் அதிரும்,
தொட்டிலைக் காலால் ஆட்டுகிற மாதிரி.
அதற்கப்புறம்தான்
கண் அசரும் எனக்கு.